கோடு ஹரிராமின் வலது கண்

ஹரிராமுக்கு இடது கண் பிறந்ததிலிருந்தே பேருக்குத்தான். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. கொஞ்சம் தூக்கக் கலக்கம் மாதிரி இருக்கும், அவ்வளவுதான். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் மட்டும் பார்த்தால் ஆள் வருவது தெரியும், வருவது சித்தப்பாவா அத்தையா என்பது தெரியாது. மதுரை பந்தடித் தெருவில் சௌராஷ்டிர நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். தறியில் உட்காரவைத்தார்கள். அறுந்த இழையைப் பிடிக்கப் போனால் கை ஒரு விரற்கடை தள்ளிப் போய் நிற்கும். அப்பா இரண்டு வருடம் திட்டிப் பார்த்தார். பிறகு, பையனுக்கு வேலையில் கவனம் இல்லை என்று முடிவு கட்டி, தெற்கு மாசி வீதியில் ஒரு ஸ்டூடியோவில் கொண்டுபோய்ச் சேர்த்தார். கண்ணில் கோளாறு என்று அவருக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. எல்லாருக்கும் ஒரு கண் இப்படித்தான் இருக்கும் என்று பதினாறு வயது வரை ஹரிராம் நம்பிக்கொண்டிருந்தார்.

ஸ்டூடியோவில் காமிராவைக் கையில் கொடுத்தபோதுதான் விஷயம் விளங்கியது. மற்றவர்கள் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்கள். இவருக்கு இடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. இரண்டையும் அகலத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார், படம் பளிச்சென்று தெரிந்தது. முதலாளி அசந்துபோய், "ரெண்டு கண்ணையும் திறந்து பாக்குறான்யா, பெரிய ஆளா வருவான்" என்று எல்லாரிடமும் சொன்னார். ஹரிராம் வாயைத் திறக்கவில்லை. காமிராவுக்கும் ஒரு கண்தான், தனக்கும் ஒரு கண்தான், இரண்டுக்கும் ஒத்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்.

வாயைத் திறக்காததற்குக் காரணம் இருக்கிறது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் படம் எடுக்கிறவன் ஒற்றைக்கண்ணன் என்று தெரிந்தால் யார் கூப்பிடுவார்கள்? படம் கெட்டுப்போகும் என்கிற பயம் ஒரு பக்கம். சகுனம் இன்னொரு பக்கம். நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது ஒற்றைக்கண்ணன் எதிரே வந்தால் வீட்டுக்குத் திரும்பி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற மனிதர்கள் இருக்கிற ஊர் இது. படித்தவர்களும் அதில் உண்டு. அப்படிப்பட்டவனை மணமேடையில், தாலிக்கு இரண்டடி தள்ளி நிற்க விடுவார்களா என்ன? ஆகவே அந்த விஷயம் அவருக்கும் அவர் மனைவி ஹம்சவேணிக்கும் மட்டும் தெரிந்திருந்தது. ஹம்சவேணி கல்யாணமான மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். இடது பக்கமாகக் காப்பியை நீட்டினால் டம்ளர் ஒரு பக்கம், இவர் கை ஒரு பக்கம் போனது. தன் அம்மாவிடம்கூட அவள் அதைச் சொல்லவில்லை. அதற்காகவே அவளுக்குக் கோயில் கட்டலாம் என்று ஹரிராம் சொல்வார்.

தொண்ணூறுகளில் வீடியோ வந்தது. தோளில் தூக்கிவைக்கிற பெரிய காமிரா ஒன்று வாங்கி, வீட்டின் முன்னறையையே கடையாக்கி, 'ஹம்சா வீடியோஸ்' என்று பலகை மாட்டினார். படம் எடுப்பது அவர். வெட்டி ஒட்டுவது, பாட்டுச் சேர்ப்பது, பெயர் போடுவது எல்லாம் ஹம்சவேணி. அந்த வேலைக்கு ஊரில் மிக்சிங் என்று பெயர். விளக்கு பிடிக்கக் காளை என்று ஒருவர் இருந்தார். முப்பது வயசு, நல்ல வேலைக்காரர், காலையிலேயே ஊற்றிக்கொள்கிற பழக்கம் ஒன்றுதான் குறை. ஹரிராம் நாக்கில் அது ஒரு சொட்டுப் பட்டதில்லை.

ஹரிராமுக்கு ஓர் ஆசை இருந்தது. தியேட்டரில் சினிமாஸ்கோப் படம் பார்க்கும்போது, இருட்டில் கார் விளக்கு திரும்பினால் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நீலமாக ஒரு வெளிச்சக் கோடு ஓடுமே, அது. கதாநாயகன் என்ன பேசினான் என்று கேட்டால் சொல்லமாட்டார், கோடு எத்தனை தடவை வந்தது என்று கேட்டால் சொல்வார். தெரிந்த தியேட்டரில் ஆபரேட்டராக இருந்த சோணையிடம் கேட்டார்.

"அது ஸ்கோப் லென்ஸு பண்ற வேலைண்ணே. அந்த லென்ஸு வெலைக்கு உங்க தெருவையே வாங்கலாம்" என்றார் சோணை.

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. தொண்ணூற்றாறில் திருமங்கலத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் பலூன் தொங்கவிடத் தூண்டில் நரம்பைக் கட்டியிருந்தார்கள். கண்ணாடி மாதிரி மெல்லிசான நைலான். ஒரு பலூன் உடைந்து, வெறும் நரம்பு மட்டும் ஹரிராமின் லென்சுக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது, அவர் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து டேப்பைப் போட்டுப் பார்த்தால், மாப்பிள்ளை அழைப்புக் கார் மண்டபத்துக்குள் திரும்புகிற இடத்தில் விளக்கிலிருந்து இரண்டு கோடு குறுக்கே ஓடுகிறது! ஹரிராம் எழுந்து நின்றுவிட்டார். மறுநாள் கீழவாசல் பக்கம் வலைச்சாமான் விற்கிற கடைக்குப் போய் ஒரு சுருள் தூண்டில் நரம்பு வாங்கி வந்தார்.

அங்கேதான் சறுக்கினார். கோடு படுக்கையாக வேண்டுமென்றால் நரம்பையும் படுக்கையாகத்தானே கட்ட வேண்டும்? யாருக்கும் அப்படித்தான் தோன்றும். லென்சின் முன்வளையத்தில் இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்குக் கட்டுவதுபோலக் குறுக்கே இழுத்துக் கட்டினார். கோடு செங்குத்தாக, விளக்கிலிருந்து மேலும் கீழுமாக வந்தது. நரம்பை மாற்றினார், தடிப்பானதைக் கட்டினார், மெல்லியதைக் கட்டினார். பதினைந்து நாள் இதே கூத்து. கடைசியில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதி இட்லியோடு எழுந்து போனார். திருமங்கலத்தில் பலூன் நரம்பு தொங்கிக்கொண்டல்லவா இருந்தது! வளையத்தை அப்படியே கால் சுற்றுத் திருப்பினார். கோடு படுத்துக்கொண்டது. நரம்பு நின்றால் கோடு படுக்கும், நரம்பு படுத்தால் கோடு நிற்கும். இவ்வளவுதான் விஷயம். பதினைந்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டதற்காகத் தன்னைத் தானே நன்றாகத் திட்டிக்கொண்டார், பிறகு ஹம்சவேணியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள், "நல்லாத்தான் இருக்கு. இட்லி ஆறுது" என்றாள். வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். இங்கே தமிழில் சொல்லியிருக்கிறது.

நீல நிற நரம்பு வாங்கி, பழைய வளையம் ஒன்றில் இரண்டு இழை கட்டி, வேண்டும்போது மாட்டிக் கழற்றும்படி செய்துகொண்டார். முதல் கல்யாணத்தில் காரிலிருந்து மாப்பிள்ளை இறங்குகிற இடத்திலும், குத்துவிளக்கு ஏற்றுகிற இடத்திலும் மட்டும் கோடு போட்டார். பார்த்தவர்கள் சினிமா மாதிரி இருக்கிறது என்றார்கள். அடுத்த முகூர்த்தத்தில் கோடு வேண்டும் என்று கேட்டே வந்தார்கள். இரண்டு வருடத்தில் விளாங்குடி முதல் வாடிப்பட்டி வரை அவர் கோடு ஹரிராம் ஆகிவிட்டார். மற்ற வீடியோக்காரர்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். எல்லாரும் நரம்பைப் படுக்கையாகவே கட்டினார்கள். ஹரிராம் யாருக்கும் சொல்லித் தரவில்லை. இந்த விஷயத்தில் அவர் கொஞ்சம் அழுத்தக்காரர்தான், நல்லவர் என்பதற்காக அதை மறைக்க முடியாது.

இரண்டாயிரத்து இரண்டு ஆனி மாதம், வாடிப்பட்டியில் ஒரு நிச்சயதார்த்தம். மாலையில் வளையத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுக் கூட்டத்தை எடுக்கப் போனார். வாசலில் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதிலிருந்து கோடு ஓடியது. நரம்பைக் கழற்ற மறந்துவிட்டோம் என்று லென்சைத் தொட்டுப் பார்த்தார். வளையம் இல்லை. லென்சைத் துடைத்தார், கோடு இருந்தது. காமிராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பல்பைப் பார்த்தார். கோடு அங்கேயும் இருந்தது.

ஹரிராம் மண்டபத்துக்குப் பின்னால் போய், ஒரு பெஞ்சில் யாரும் பார்க்காதபோது ஒருக்களித்துப் படுத்து, கம்பத்து விளக்கைப் பார்த்தார். தலை சாய்ந்ததும் கோடும் சாய்ந்து, நட்டுக்குத்தலாக நின்றது. நரம்பு திரும்பினால் கோடு திரும்பும் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? அப்படியென்றால் நரம்பு கண்ணுக்குள்ளே இருக்கிறது. இருப்பதே ஒரு கண். அதற்குள்ளே என்னவோ வந்துவிட்டது. காளை வந்து, "என்னண்ணே படுத்துட்டீக, மேலுக்கு முடியலையா?" என்று கேட்டபோது, "முதுகு வலி" என்று எழுந்துகொண்டார்.

டாக்டரிடம் போகவேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். அவருக்குத் தோன்றவில்லை. போனால் நோய்க்கு ஒரு பெயர் சொல்லிவிடுவார்கள். பெயர் வைத்துவிட்டால் அது இருக்கிறது என்று ஆகிவிடும். அதற்குப் பதில் ஹரிராம் ஒரு வேலை செய்தார். அவரைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் புத்தி வந்திருக்காது. அன்று முதல் எல்லாக் கல்யாணத்துக்கும், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை, வளையத்தைக் கழற்றவே இல்லை. காமிராவிலும் கோடு, கண்ணிலும் கோடு. எது எதனுடையது என்று தெரியவேண்டிய அவசியம் இல்லாமல் போனது. கண்ணுக்குள் இருக்கிற கோடு மாதத்துக்கு மாதம் நீண்டது. தனக்குத் தெரிகிற அளவு டேப்பில் தெரியவில்லையோ என்ற சந்தேகத்தில், இரண்டு இழையை மூன்றாக்கினார், பிறகு ஐந்தாக்கினார்.

"என்னங்க, சாப்பாட்டுப் பந்தியிலகூட கோடா ஓடுது?" என்று ஹம்சவேணி கேட்டாள்.

"அதான் இப்ப ஸ்டைலு" என்றார்.

அவள் விட்டுவிட்டாள். அவருக்கு ஸ்டைல் தெரியும் என்று அவள் நம்பினாள்.

மறு வருடம் மே மாதம் ஆரோக்கியம் டீச்சர் வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடமாகக் கணக்கு எடுப்பவர், விளாங்குடியில் வீடு. கணவர் இல்லை. ஒரே மகள் ஆன்சிக்கும் கிளமெண்ட் என்கிற பையனுக்கும் கல்யாணம். டீச்சர் உட்காரும் முன்பே சொல்லிவிட்டார்: "உங்க கோடு எனக்கு வேணாங்க. கோயில்ல மெழுகுவர்த்தி மெழுகுவர்த்தியாத் தெரியணும், எம்பொண்ணு எம்பொண்ணாத் தெரியணும். முடியுமா, முடியாதா?"

"முடியும் டீச்சர்" என்று சொல்லிவிட்டார் ஹரிராம். வேறு என்ன சொல்ல முடியும்?

கல்யாணத்தன்று வளையத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போனார். பீடத்தில் முப்பது மெழுகுவர்த்தியாவது இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கோடு கிளம்பி, பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கிற இடத்தில் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தது. கோடுகளுக்குப் பின்னால் இரண்டு வெள்ளை உருவம் அசைந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. ஒரு வருடமாக எது எது என்று பிரித்துப் பார்க்காத மனுஷன் இப்போது திடீரென்று எப்படிப் பிரிப்பார்? நரம்பு ஒன்று அறுந்து லென்சிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது என்று அவருக்கு உறுதியாகத் தோன்றியது. தோன்ற வேண்டும் என்று விரும்பினார் என்றும் சொல்லலாம். காமிராவைத் தாழ்த்தி, விரலால் லென்சைத் துழாவினார். துழாவிக்கொண்டே ஓர் அடி முன்னால் வைத்தார். பீடத்தின் படி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சறுக்கிப் பூந்தொட்டி ஸ்டாண்டில் மோதி, அது சாய, காளை பாய்ந்து வந்து ஒரு கையால் அவரையும் மறு கையால் விளக்கையும் பிடித்தார். பூசை நடத்திய சாமியார் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். அந்த நேரத்தில் கிளமெண்ட் தாலியைக் கட்டி முடித்திருந்தான்.

முன்வரிசையில் இருந்த டீச்சருக்குக் காளையிடமிருந்து கிளம்பிய வாடை வந்தது. தள்ளாடியது ஹரிராம், வாடை காளை. இரண்டையும் கூட்டிக் கணக்கு டீச்சர் விடை கண்டுபிடித்துவிட்டார்.

"அண்ணே குடிக்கவே மாட்டாரும்மா" என்று காளை அடித்துச் சொன்னார். அதைச் சொன்ன வாயிலிருந்தும் அதே வாடைதான் வந்தது.

மூன்றாம் நாள் ஹம்சவேணி மிக்சிங்கில் உட்கார்ந்தாள். ஹரிராம் பின்னால் நாற்காலியில் இருந்தார். பெண் உள்ளே வருகிற இடம் டி.வி.யில் ஓடியது.

"இந்த இடத்துல கோடு ரொம்ப நீளமா இருக்கு. பேரைப் போட்டு மறைச்சிரு" என்றார்.

"எந்தக் கோடு?"

"மெழுகுவர்த்தியில இருந்து வருதே."

ஹம்சவேணி டேப்பை நிறுத்தினாள். திரையில் மெழுகுவர்த்திகள் மெழுகுவர்த்திகளாக நின்றன. படம் துடைத்துவைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். "எங்க ஆரம்பிக்குது, காட்டுங்க" என்றாள். ஹரிராம் எழுந்து வந்து ஒரு சுடரில் விரலை வைத்து, ஒன்றுமே இல்லாத இடத்தில் திரையின் ஓரம் வரை இழுத்துக் காட்டினார். அவள் டேப்பை ஓடவிட்டாள். தாலி கட்டுகிற இடம் வந்தது. சிவப்புக் கம்பளம், அவருடைய கட்டைவிரல், கோயில் கூரையில் சுற்றுகிற மின்விசிறி, மறுபடியும் கம்பளம். ஹம்சவேணி டி.வி.யை அணைத்துவிட்டு அழுதாள். டேப்புக்காக அழவில்லை. அந்த வீட்டில் எத்தனை கண் என்று கணக்குத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"எம்புட்டு நாளா?" என்று கேட்டாள்.

"போன ஆனியிலேருந்து."

"ஒரு வருசம்! என்கிட்டகூடச் சொல்லலை." மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கண்புரை என்றார்கள். நாற்பத்து நாலு வயசுக்குச் சீக்கிரம்தான், ஆனால் வராதது இல்லை. ஆபரேஷன் செய்தால் பலன் இருக்குமா என்று தெரிய, பின்னால் இருக்கிற பகுதி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரிப் பெண் ஒருத்தி இருட்டறையில் உட்காரவைத்து, வரி வரியாக இருந்த சிவப்புக் கண்ணாடி ஒன்றை வலது கண் முன்னால் பிடித்து, எதிரே ஒரு சின்ன விளக்கைக் காட்டினாள். விளக்கு மறைந்து சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. ஹரிராமுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பாப்பா, இதுல வரி நின்னமேனிக்கு இருக்கா?"

"ஆமா. எப்படி சார் தெரியும்?"

"கோடு படுத்திருக்கே."

அந்தப் பெண் சிரித்தாள். "அது இருக்கட்டும். கோடு முழுசாத் தெரியுதா, நடுவுல அறுந்து தெரியுதா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அறுந்திருந்தா ஆபரேஷன் பண்ணியும் பிரயோசனம் இல்லைம்பாங்க."

எத்தனை ஆயிரம் கோடு போட்டிருப்பார்! ஒரு கோட்டைப் பார்த்து இப்படி அவருக்கு என்றைக்கும் பயம் வந்ததில்லை. இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை மெதுவாகப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "முழுசா இருக்கு பாப்பா" என்றார்.

டாக்டர் ஆபரேஷன் செய்யலாம் என்றார். "இருக்கிறது ஒரு கண்ணுங்கிறதால நாங்களும் ரொம்பக் கவனமாத்தான் பண்ணுவோம். ஆனா நூத்துக்கு நூறுன்னு எழுதித் தர முடியாது" என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம் ஹரிராமை ஆறு மாதம் வீட்டில் உட்காரவைத்தது. இப்போதாவது கொஞ்சம் தெரிகிறது, கைவைத்துப் போய்விட்டால்? ஆவணி போகட்டும் என்றார், தீபாவளி போகட்டும் என்றார். முகூர்த்தங்களுக்குக் கூப்பிட வந்தவர்களுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். கார்த்திகை வந்தபோது பஸ்ஸில் எழுதியிருப்பது தெரியவில்லை, வீட்டு வாசலில் ஹம்சவேணி நிற்கிறாளா பக்கத்து வீட்டுப் பெண் நிற்கிறாளா என்றும் தெரியவில்லை. "இந்தக் கண்ணும் அந்தக் கண்ணு மாதிரி ஆகிப்போச்சு. இனி போறதுக்கு என்ன இருக்கு, வாங்க" என்றாள் அவள்.

மார்கழியில் ஆபரேஷன் நடந்தது. கட்டுப் போட்டிருந்த ஒரு நாள் முழுக்க அவருக்கு உலகமே கிடையாது. இடது கண்ணில் நிழல் மாதிரி உருவங்கள் மட்டும் வந்து போயின. ஹம்சவேணியின் கையைப் பிடித்த பிடி விடவில்லை. மறுநாள் காலையில் கட்டை அவிழ்த்ததும் அவர் பார்த்தது தாழ்வாரத்தில் எரிந்துகொண்டிருந்த ஒரு பல்பை. பல்பு பல்பாக இருந்தது. அவ்வளவு பேர் நடுவில் அந்த மனுஷன் விசித்து விசித்து அழுதார். நர்ஸ்தான், "அழக்கூடாது சார், கண்ணுல தண்ணி படக்கூடாது" என்று அதட்டி நிறுத்தினாள்.

நல்ல கண் வந்ததும் அவர் செய்த முதல் வேலை, அந்த ஒரு வருடத்து டேப்புகளை எடுத்துப் போட்டுப் பார்த்தது. இருபத்து மூன்று கல்யாணம். பெண் முகத்தில் கோடு, மாப்பிள்ளை முகத்தில் கோடு, ஐயர் முகத்தில் கோடு, பாயச வாளியில்கூடக் கோடு. வயதானவர்கள் மணமக்களை ஆசீர்வாதம் செய்கிற இடத்தில் ஐந்து நீலக் கோடு ஓடி, யார் யார் என்றே தெரியவில்லை. அந்த வீடுகளில் அதைப் போட்டுப் பார்த்திருப்பார்கள். ஸ்டைல் என்று நினைத்துச் சும்மா இருந்திருப்பார்கள்.

"இம்புட்டையும் நானா எடுத்தேன்?" என்று கேட்டார்.

"நீங்கதான். நான் சொன்னேன், கேக்கலை" என்றாள் ஹம்சவேணி. வெட்கத்தில் அவர் இரண்டு நாள் கடையையே திறக்கவில்லை. வளையத்தை உடைத்துக் குப்பையில் போட்டார்.

ஹம்சவேணிக்கு வேறொரு வருத்தம் இருந்தது. ஆரோக்கியம் டீச்சர் சொன்னது மிஷன் பள்ளிக்கூட டீச்சர்மார் வழியாக ஊர் முழுக்கப் பரவி, பெருமாள் கோயிலில் ஒரு அம்மாள் அவளிடமே வந்து, "உங்க வீட்டுக்காரர் இப்ப குடிக்கிறதை நிறுத்திட்டாராமே, நல்லதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஹம்சவேணி கொதித்துப்போனாள். "கண்ணுதான் சரியாயிருச்சுல்ல? போய் டீச்சர்கிட்ட உள்ளதைச் சொல்லிட்டு வாங்க. குடிகாரர் பொண்டாட்டின்னு பேரெடுக்க என்னால முடியாது."

சித்திரை மாதம் ஒரு நாள் காலையில் ஹரிராம் விளாங்குடிக்குப் போனார். ஆன்சிக்குக் குழந்தை பிறந்து தாய் வீட்டில்தான் இருந்தாள். டீச்சர் வாசலிலேயே நின்று, "என்ன வேணும்?" என்று கேட்டார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

ஹரிராம் நின்றபடியே சொன்னார். இடது கண், வலது கண், கோடு, படி, ஆபரேஷன், எல்லாவற்றையும் சொன்னார். ஊரில் யாருக்கும் சொல்லாததை முதன்முதலாக ஒருவருக்குச் சொல்லுவதால் முன்னுக்குப் பின்னாக வந்தது. "தப்பு என்னுதுதான் டீச்சர். கண்ணு தெரியலைன்னு தெரிஞ்சே வந்தேன். ஆனா குடிக்கலை. வாழ்க்கையில குடிச்சதில்லை."

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க" என்றார். தானும் ஒன்றில் உட்கார்ந்தார். "போர்டு தெரியாத பிள்ளைக எத்தனை பேரைக் கண்டுபிடிச்சிருக்கேன் நான். உங்களைக் கண்டுபிடிக்கலையே. ஊர் பூராவும் குடிகாரன்னு சொல்லிட்டேனே! பெரிய பாவம் பண்ணிட்டேன் ஹரிராம். நானே ஒவ்வொருத்தர்கிட்டயும் போய், உங்களுக்குக் கண்ணுதான் தெரியலைன்னு சொல்லிர்றேன். இன்னைக்கே சொல்லிர்றேன்."

ஹரிராம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஐயோ, வேணாம் டீச்சர்!"

"ஏன்?"

"குடிகாரன்னா திட்டிக்கிட்டே அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிடுவாங்க. நிறுத்திட்டான்னு தெரிஞ்சா சந்தோசமாவே கூப்பிடுவாங்க. கண்ணு தெரியாதவன்னா ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க டீச்சர். சரியாயிருச்சுன்னு சொன்னாலும் நம்ப மாட்டாங்க. இன்னொரு கண்ணு என்னாச்சுன்னு கேப்பாங்க. என் சம்சாரம்தான் மனசு கேக்காம அனுப்பிச்சா. உங்ககிட்ட சொல்லிட்டேன், அது போதும். இது இப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா என்னை?"

"பொய் சொல்ல வேணாம். சும்மா இருந்தாப் போதும்."

உள்ளே குழந்தை சிணுங்கியது. சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம், அதே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற சுந்தரம்மாள் துணி காயப்போடுகிற சாக்கில் வெகுநேரமாக ஒரே துண்டை உதறிக்கொண்டிருந்தார். தணிந்த குரலில் பேசியதால் அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது, ஆனால் வந்திருப்பது யார் என்று தெரிந்திருந்தது. ஹரிராம் கும்பிட்டுவிட்டு வாசல் கேட் வரை போனார். கேட்டைத் திறக்கும்போது பின்னாலிருந்து டீச்சரின் குரல் வந்தது. கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல்.

"ஹரிராம்! வர்ற ஞாயித்துக்கிழமை பேரனுக்கு ஞானஸ்நானம். காமிராவோட எட்டு மணிக்கெல்லாம் கோயிலுக்கு வந்துரணும். இந்தத் தடவையாவது குடிக்காம வாங்க!"

சுவருக்கு அந்தப் பக்கம் துண்டு உதறுவது நின்றது. ஹரிராம் கேட்டைப் பிடித்தபடி அதே அளவு சத்தமாகப் பதில் சொன்னார்.

"சரிங்க டீச்சர். சத்தியமா இனிமே தொட மாட்டேன்."